மிதிவண்டியைப் பேணும் எளிய முறைகள்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். அன்று கூலி பட்டுவாடா நாள். அங்கத்தினர்கள் நெய்து முடித்த உருப்படிகளைக் கொணர்ந்து மேசைமேல் வைக்க, தரம் பார்ப்பவர் ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்து நோக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதைக் கடந்த ஓர் அங்கத்தினர் கொணர்ந்த வெள்ளை வேட்டியில் ஐந்து விரல்களின் தடம் கரியதாகப் பதிந்திருந்தது. நெசவில் குற்றமில்லை. கரை நேராக ஓடியிருந்தது. இழை அறுந்த இடம் ஒன்றேனும் இல்லை. வழியில் மிதிவண்டியின் செயின் கழன்று விழுந்ததாகவும், அதனை மாட்டிய கையை வேப்பிலையில் துடைத்துக்கொண்டு வந்ததாகவும், மூட்டையை அவிழ்க்கையில் கை பட்டுவிட்டதாகவும் அவர் சொன்னார். கறை பட்ட உருப்படி இரண்டாந்தரம் என்பது அச்சங்கத்தின் நடைமுறை. விலக்களிக்கலாமா என்று செயலாளர் நம் முகத்தை நோக்கினார். ஒருவருக்கு விலக்களித்தால் அடுத்தவருக்கு மறுக்க இயலாது. ஆகையால் கூலியில் பிடித்தம் செய்தது முறையே என்று கூறினோம்.

கூறிய பின் மனம் அமைதி கொள்ளவில்லை. வெளியே வந்து, சுவரோரம் சாத்தியிருந்த அவருடைய வண்டியைப் பார்த்தோம். செயினின் கீழ்ப்புறத்தை விரலால் தூக்கினால் இரண்டு அங்குலம் மேலே வந்தது.

"பெரியவரே, இது எத்தனை நாளாக இப்படித் தொங்குகிறது?" என்று கேட்டோம்.

"ஆடி மாதத்திலிருந்தே இப்படித்தானுங்க ஐயா. வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்" என்றார்.

ஒரு ஸ்பானரும் கால் மணி நேரமும் இருந்திருந்தால் அந்தப் பிடித்தம் நேர்ந்திராது. கணக்குப் பார்க்கச் செல்லும் நமக்கு மிதிவண்டியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று சிலர் கருதக்கூடும். அன்று பிடித்தம் சரியென்று சொன்ன வாய் நம்முடையது. ஆதலால் அதனைத் தவிர்க்கும் வழியையும் சொல்லிவிடுவது நம் கடமையெனத் தோன்றிற்று.

மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும், தறிக்கும் சங்கத்துக்கும், வயலுக்கும் பால் சேகரிப்பு நிலையத்துக்கும் இடையே மிதிவண்டியில் செல்லும் அங்கத்தினர் பலர் உள்ளனர். பிள்ளைகள் பள்ளியில் விலையின்றிப் பெற்ற வண்டியைப் படிப்பு முடிந்தபின் தகப்பனார் ஓட்டுவதையும் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். நம் நாட்டில் மிதிவண்டி இறக்குமதிப் பொருளாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1949-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றிய பின்னர், ஹெர்குலிஸ் வண்டி தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் பரவிற்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதை அறியாதார் இலர். ஓட்டக் கற்றவர் அனைவரும் பேணக் கற்றனரா என்பது வேறு வினா.

இங்கு நாம் கூறுவன, கறுப்பு நிறத்தில் 28 அங்குலச் சக்கரமும், கம்பி பிரேக்கும், பின்னால் காரியரும் கொண்ட பழைய வகை வண்டிக்கு உரியன. புதுவகை வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

காற்றிலிருந்து தொடங்குவோம். காற்றடைத்த டயரை 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் என்பார் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அமைத்தார். அதற்கு முன்பு கெட்டி ரப்பரின்மேல் ஓட்டியவர்களின் எலும்பு பட்ட பாட்டை, காற்றிறங்கிய டயரில் ஓட்டுபவர் இன்றும் படுகிறார். காற்றுக் குறைந்தால் டயர் தரையோடு படிந்து நசுங்கிச் சுழல்கிறது. அந்த நசுங்கலுக்கு வேண்டிய உழைப்பெல்லாம் ஓட்டுபவரின் காலிலிருந்து போகிறது. பாரம் ஏற்றியிருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டு, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளைகள் விழும். முள் ஒன்றும் இல்லாமலே பஞ்சர் ஆகிறது என்று வியப்போர் முதலில் காற்றைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும். அளவுமானி இல்லாதவர், பாரத்தை ஏற்றித் தாமும் அமர்ந்து பிறரைப் பார்க்கச் சொல்லலாம். பின் டயர் தரை தொடும் இடத்தில் சிறிதே பிதுங்கினால் போதும். பரந்து படிந்தால் காற்றுப் போதாது. குறையில்லாத டியூபிலிருந்தும் காற்று நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசியும். ஆகவே வாரம் ஒரு முறை காற்றடித்தல் செலவன்று, சிக்கனம்.

காற்று விரைவில் இறங்கினால் பஞ்சர்க் கடைக்கு ஓடுமுன் வால்வைப் பாருங்கள். வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வைத்தால், கசிவு இருப்பின் குமிழி எழும். உள்ளே இருக்கும் வால்டியூப் என்னும் சிறு ரப்பர்க்குழல் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும், அல்லது வெடிக்கும். மிதிவண்டி உறுப்புகளில் இதைவிட மலிவானது வேறொன்றில்லை. இரண்டு துண்டுகளைக் காகிதத்தில் மடித்து சீட்டின் அடியில் செருகி வைப்பவர் நடு வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிய நிலையிலிருந்து பெரும்பாலும் தப்புவர். மாற்றும்போது புதுக் குழலை நீரில் நனைத்துச் செருகினால் எளிதில் ஏறும்.

பஞ்சர் ஒட்டுவதைப் பலர் அறிவர். பசையைத் தடவியவுடனே ஒட்டைப் பதிப்பதுதான் பலர் செய்யும் பிழை. தேய்த்துச் சொரசொரப்பாக்கிய இடத்தில் பசையை மெல்லியதாகத் தடவி, விரல் பட்டால் ஒட்டாத அளவு உலர்ந்தபின் பதிக்க வேண்டும். ஈரப்பசையின்மேல் பதித்த ஒட்டு வெயிலில் நழுவும். அதனினும் முக்கியமானது, துளைத்த முள்ளைத் தேடி எடுப்பது. சீமைக்கருவேல முள் டயருக்குள் முறிந்து நின்றுவிடும். விரலால் தடவினால் சிலவேளை தெரியாது, தெரிந்தாலும் விரலைக் குத்தும். நெசவாளர் வீட்டில் இதற்கு அருமையான கருவி உண்டு: கழிவு நூல். ஒரு பிடி கழிவு நூலைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுவதும் ஒரு சுற்று தடவினால், மயிரிழை போன்ற முள்முனையும் நூலைப் பற்றி இழுத்துக் காட்டிவிடும். டயரைக் கழற்றுவதற்கு ஸ்குரூடிரைவரைப் பயன்படுத்த வேண்டாம். அது டியூபில் இன்னொரு துளை இடும். மழுங்கிய கரண்டிக் காம்பு மேலானது. ரிம்மின் உட்புறம் ஸ்போக்ஸ் முனைகளை மறைத்திருக்கும் நாடா இற்றுப்போயிருந்தால், அதற்கு ஈடாகத் தறியில் நெய்த கெட்டிப் பருத்தி நாடாவைச் சுற்றலாம். வால்வுக்குத் துளை விடுதல் மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

பின் டயரே முதலில் தேயும், பாரம் அதன்மேல் இருப்பதால். புது டயர் ஒன்று வாங்கும்போது அதனை முன் சக்கரத்துக்கு இட்டு, முன்னிருந்ததைப் பின்னுக்கு மாற்றுவது நன்று. முன் டயர் வெடித்தால் ஆள் விழுவான். பின் டயர் வெடித்தால் பெரும்பாலும் வண்டி நிற்பதோடு சரி.

இனிச் செயினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவரின் கூலி அங்கேதான் போயிற்று.

செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் மேடுபள்ளத்தில் கழலும்; கீழ் ஆடினால் குண்டுகளும் பற்களும் தேயும். பல்சக்கரம் சிறிது கோணியிருப்பது உண்டாதலால், பெடலைச் சுற்றிச் சுற்றி, செயின் மிக இறுகும் நிலையில் வைத்து அளக்க வேண்டும். தளர்வு மிகுந்திருந்தால் பின் சக்கரத்தின் இருபுறத்து நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்து இறுக்க வேண்டும். இருபுறமும் ஒரே அளவு இழுக்காவிடின் சக்கரம் கோணிப் போர்க்கில் உராயும். சக்கரம் நகர்ந்தபின் பிரேக் கட்டைகள் ரிம்மில் நேராகப் படுகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து பிரேக்கை இழந்தவர்கள் உண்டு.

எண்ணெய் இடுவதிலும் ஒரு தவறு பரவியிருக்கிறது. எண்ணெய் மிகுந்தால் வண்டி இலேசாக ஓடும் என்றெண்ணி, செயின்மேல் ஊற்றிச் சொட்டச் சொட்ட விட்டுவிடுகின்றனர். செயினுக்கு எண்ணெய் தேவைப்படும் இடம் உருளைகளுக்கு உள்ளே. வெளியே நிற்கும் எண்ணெய் புழுதியைப் பற்றி அரைப்பு மாவாகிறது. அந்த மாவுதான் வேட்டியில் பதிந்த கறுப்பு. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கியால் செயினைத் தேய்த்துக் கழுவி, உலர விட்டு, உருளை ஒன்றுக்கு ஒரு துளி வீதம் தையல் இயந்திரத்துக்குரிய மெல்லிய எண்ணெயை இட வேண்டும். பெடலைப் பின்னோக்கி இருபது முப்பது முறை சுழற்றினால் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு துணியால் செயினை அழுத்திப் பிடித்து, வெளிப்புறம் உலர்ந்தது போலாகும் வரை துடைக்க வேண்டும். இதை இரவில் செய்து காலையில் மறுபடி ஒரு முறை துடைத்தல் நலம். துடைத்தது போதுமா என்று அறிய வெள்ளை நூல் ஒன்றைச் செயின்மேல் இழுத்துப் பார்க்கலாம். நூல் கறுக்காவிடின் துணியும் கறுக்காது. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். விளக்கெண்ணெய் நாளடைவில் பிசினாகும். வண்டிகளிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெய் இலவசமாகக் கிடைக்கிறது என்பது உண்மையே. அதிலுள்ள அழுக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. மண்ணெண்ணெய் கழுவுவதற்கு மட்டுமே, ஓடுவதற்கன்று.

செயின் எப்போது மாற்றத்தக்கது என்பதைக் கடைக்காரர் சொல்லக் கேட்க வேண்டுவதில்லை. புதுச் செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் எண்ணினால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதே 24 கண்ணிகள் 12 அங்குலமும் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கும் நீண்டுவிட்டால் அச்செயின் முடிந்தது. பள்ளிக்கூட அளவுகோல் இதற்குப் போதும். நீண்ட செயினையே மேலும் ஓட்டினால் பற்கள் வளைந்து கொக்கிபோல் ஆகிவிடும். பிறகு புதுச் செயின் போட்டாலும் பற்களில் நழுவும். செயினோடு போக வேண்டிய செலவு பல்சக்கரத்துக்கும் பிரீவீலுக்கும் பரவும்.

வழியில் செயின் கழன்றால் கையை நுழைக்க வேண்டுவதில்லை. குச்சி ஒன்றினால் செயினைப் பின்புறப் பற்களில் முழுவதும் அமர்த்தி, முன்புறப் பல்சக்கரத்தின் அடிப்பக்கத்தில் இரண்டு பற்களில் மட்டும் கோத்து, பெடலைப் பின்னோக்கிச் சுழற்றினால் தானே ஏறிக்கொள்ளும். சீட்டின் அடியில் ஒரு பழந்துணியும் இருக்கட்டும். அதையும் மீறித் துணியில் கறை பட்டுவிட்டால் உடனே நீரில் நனைக்கலாகாது. சாக்கட்டித் தூளையோ முகத்துக்கிடும் பவுடரையோ கறைமேல் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டுத் தட்டிவிட்டு, அடியில் வேறு துணி வைத்துச் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றி, பின்னர் சோப்பு இட வேண்டும். பருத்திக்கு இது பெரும்பாலும் பயனளிக்கும். பட்டில் பட்டால் தாமே முயலாமல் சாயமிடுபவரிடம் காட்டுக.

பிரேக்கைப் பற்றிக் கூறுவன சில. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் மிகக் குறைவாகவே பிடிக்கும். சரிவில் இறங்குமுன்பே மெல்ல அழுத்தி, கட்டைகள் நீரைத் துடைக்கும்படி செய்துவிட்டு இறங்க வேண்டும். வளைவு வந்தபின் அழுத்துவது பயன் தராது. கட்டையைத் தாங்கும் இரும்புக் கூட்டுக்கு ஒரு முனை திறந்தும் ஒரு முனை மூடியும் இருக்கும். சக்கரம் சுழன்று போகும் பக்கத்தில் மூடிய முனை இருத்தல் வேண்டும். மாறிப் பொருத்தினால், அழுத்தும் வேகத்தில் கட்டை வழுக்கி வெளியே போய்விடும். இப்படி மாறிப் பொருத்திய வண்டிகளை நாமே ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறோம். ரிம்மில் எண்ணெய் படவே கூடாது. செயினுக்கு எண்ணெய் இடுகையில் பின் ரிம்மைத் துணியால் மறைப்பது நல்ல பழக்கம்.

ஸ்போக்ஸ் கம்பிகள் வழக்கமாக முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40. சக்கரம் இக்கம்பிகளின் இழுவிசையால் நிற்கிறது. பாவின் இழுவிசையை விரல் நுனியால் அறியும் நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாவில் சில இழைகள் தளர்ந்தால் மற்றவை என்ன பாடுபடுமோ அதுவே இங்கும். ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டினால், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஒலி தரும். ஊமையாக ஒலிப்பது தளர்ந்தது. அதன் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாமல் இறுக்கி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். போர்க்கில் விரலை ஊன்றி ஒரு சாக்கட்டியை ரிம்மின் அருகே பிடித்தால், கோணிய இடத்தில் மட்டும் கோடு விழும். பெரிய கோணலாயின் கடைக்கே செல்க. கற்றுக்கொள்ளும் ஆசையில் சக்கரத்தையே முட்டை வடிவமாக்கியவர்களுள் நாமும் ஒருவர்.

குண்டுகளின் நிலையை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வால்வு பக்கவாட்டில் இருக்குமாறு நிறுத்திக் கையை எடுங்கள். வால்வின் கனத்தாலேயே சக்கரம் மெல்லத் திரும்பி, வால்வு கீழே வந்து நின்றால் கோன்கள் இறுகவில்லை. பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் தளர்ந்துள்ளது. முன் சக்கரத்தில் புறத்துக்குப் பத்தும், பின் சக்கரத்தில் சற்றே பெரியவை புறத்துக்கு ஒன்பதும் குண்டுகள் இருக்கும். ஒன்று உடைந்தாலும் அப்புறத்துக் குண்டுகள் அனைத்தையும் மாற்றுக. புதியது பழையதைவிடச் சற்றுப் பருத்திருப்பதால் பாரமெல்லாம் அதன்மேலேயே விழும்.

பெடலை மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று கேட்டால் காட்டர் பின் தளர்ந்திருக்கலாம். அதைத் தட்டி இறுக்காமல் ஓட்டினால் கிராங்கின் துளையே அகன்றுவிடும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இறுகும் என்பதையும் நினைவிற் கொள்க. தெரியாமல் வலிந்து திருகி மரையைக் கெடுப்போர் பலர்.

பாரம் ஏற்றுவதில் விவசாய அங்கத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். கைப்பிடியில் பால் கேனைத் தொங்கவிடுவது எளிதாயிருக்கலாம். ஆனால் திருப்பும்போது கேன் ஊசலாடி வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். பாதி நிரம்பிய கேன் முழுதும் நிரம்பியதைவிட மோசமானது, பால் உள்ளே அலைவதால். காரியரின் இருபுறமும் சமமாக, சக்கரத்தின் அச்சுக்கு அருகில், தாழ்வாகக் கட்டினால் அதே பாரம் பாதியாகத் தோன்றும். கட்டுவதற்குப் பழைய டியூபை நீளவாக்கில் அறுத்த பட்டையைப் போல் வேறு கயிறில்லை. மூட்டை குலுங்கிச் சுருங்கினாலும் பட்டையும் உடன் சுருங்கிப் பிடிக்கும். நூலோ துணியோ கொண்டுசெல்வோர் மூட்டையின் முனை எதுவும் செயின் பக்கமாகத் தொங்காதவாறு உட்புறம் மடித்துக் கட்டுக. சேலை உடுத்தும் சகோதரிகள் பின் சக்கரத்துக்கு வலைத் தடுப்புப் போடாமல் ஓட்டலாகாது.

சீட்டின் உயரத்தைச் சரியாக்கப் பணமே வேண்டாம். அமர்ந்து, பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் கால் சிறிதே மடங்கும். பெரும்பாலோர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, மாலையில் முழங்கால் வலிக்கிறது என்கின்றனர். நாள் முழுதும் தறிக்குழியில் கால் மிதிக்கும் ஒருவருக்கு இந்த வலி இரட்டிப்பாகும்.

மேற்கூறிய வேலைகளுக்கு வேண்டிய சாமான்களை ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே வாங்குவது அநாவசியம். நாம் மேலே கூறிய சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம் இதைப் பேசினோம். நிற்கும் பம்பு ஒன்று, ஸ்பானர்கள், ஸ்போக்ஸ் இறுக்கும் சாவி, எண்ணெய்க் குப்பி, பஞ்சர்ப் பசையும் ஒட்டும், ஒரு முழம் வால்டியூப் ஆகியவற்றை வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றிச் சங்க வாயிலில் ஒரு மரப்பெட்டியில் வைத்துள்ளனர். கூலி பட்டுவாடா நாளில் காத்திருக்கும் நேரத்தில் அங்கத்தினர் தத்தம் வண்டிகளைப் பார்த்துக்கொள்கின்றனர். கடந்த முறை சென்றபோது அந்தப் பெரியவரே மற்றொருவரின் செயினைக் குந்தியமர்ந்து இறுக்கிக்கொண்டிருந்தார். தம் உருப்படிகளை அதற்கு முன்பே உள்ளே ஒப்படைத்துவிட்டாராம். இப்படிப் பெட்டி வைக்க விரும்பும் சங்கங்கள் பம்பை மட்டும் சிறு சங்கிலியால் கம்பத்தோடு பிணைத்து வைக்கவும். மற்றச் சாமான்களை எடுத்துச் செல்வோர் எப்படியும் திருப்பிக் கொணர்கின்றனர். பம்பு ஏனோ திரும்புவதில்லை.